பாரீஸ் ஃப்ரிட்ஜில் பலாக்கொட்டை

ஷார்ல் த கோல் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கால் வைத்ததுதான் தெரியும், மூக்கு நுனி எங்கே போனதென்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன், இருந்தது. அப்பப்பா, குளிர் என்றால் இப்படியா! மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டிக்கொண்டு கோலம் போட வருகிற தெரு எங்கள் தெரு. இங்கே பிப்ரவரிக் காற்று காதுக்குள் புகுந்து பல்வேர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வருகிறது. பேசினால் வாயிலிருந்து புகை. அக்கா மகள் என் கழுத்தில் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டே, “வாயை மூடிட்டு மூக்கால மூச்சு விடு சித்தி” என்றாள். எப்படி மூடுவது? பார்க்கிற எல்லாவற்றுக்கும் வாய் தானாகத் திறந்துகொள்கிறதே!

நான் மேட்டுப்பாளையத்துக்காரி. உடனே ஊட்டி மலையடிவாரத்தை நினைக்க வேண்டாம். எங்களுடையது புதுச்சேரி மேட்டுப்பாளையம். கோரிமேட்டுக்குப் பக்கம், பிப்டிக் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற ஊர். ஏர் ஹாரனும் டீசல் வாடையும் இல்லாமல் எங்களுக்குப் பொழுது விடியாது. பாரீஸ் ரயில் நிலையத்தில் ஆயிரம் பேர் நடந்துகொண்டிருந்தும் சத்தமே இல்லை. காலணிகள் தரையில் தட்டுகிற ஓசை மட்டும்தான். இத்தனை பேர் பேசாமல் நடக்க முடியும் என்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேச்சுத்தான் இல்லையே தவிர, இருமல் இருந்தது. ரயில் பெட்டி முழுக்க இருமல். அக்கா மகள் பையிலிருந்து முகக்கவசம் எடுத்து எனக்கொன்று நீட்டினாள். “ஃப்ளூ சீசன் சித்தி. அந்தக் கிருமி நம்ம தொண்டைக்குள்ள வந்ததும் முதல்ல எதைப் பிடிச்சுக்கும் தெரியுமா? சர்க்கரையை.”

அவள் இந்த நகரத்தின் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். உயிரணுக்களின் மேற்பரப்பில் இருக்கிற சர்க்கரைகள்தான் அவளுடைய படிப்பு. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறவள். குளுக்கோஸ், ஸ்டார்ச், செல்லுலோஸ் என்று ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் அந்த ரயிலில் அவள் சொன்னது எனக்குப் புதிது. நம் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு உயிரணுவும் வெளியே ஒரு சர்க்கரைப் போர்வை போர்த்தியிருக்கிறது. அணுவின் சவ்வில் இருக்கிற புரதங்களிலும் கொழுப்புகளிலும் சின்னச் சின்ன சர்க்கரைச் சங்கிலிகள் கிளைவிட்டு நிற்கின்றன. அந்தச் சங்கிலிகள் பலவற்றின் கடைசிக் கண்ணியாக உட்கார்ந்திருப்பது சியாலிக் அமிலம் என்கிற சர்க்கரை. அது அடுத்த சர்க்கரையோடு எந்த மூலையில் இணைகிறது என்பதிலேயே கதை மாறிவிடுகிறது. மனிதரைப் பிடிக்கிற ஃப்ளூ கிருமி ‘ஆல்ஃபா 2,6’ என்கிற இணைப்பைத் தேடுகிறது. பறவைக் காய்ச்சல் கிருமிக்கு ‘ஆல்ஃபா 2,3’ வேண்டும். ஓர் இணைப்பு இடம் மாறியதால் கோழியின் நோய் மனிதருக்கு எளிதில் தொற்றுவதில்லை!

இவ்வளவு ஏன், ஏ, பி, ஓ என்று நாம் சொல்லுகிற ரத்த வகையே சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைதானாம். 1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவரது சகாக்களும் கண்டுபிடித்த ‘பாம்பே குரூப்’ ரத்தத்தில், எல்லாருக்கும் அடித்தளமாக இருக்கிற அந்தச் சங்கிலியில் ஃபூக்கோஸ் என்கிற ஒரே ஒரு சர்க்கரை சேராமல் போயிருக்கிறது. அந்த ஒன்று இல்லாததால் அவர்களுக்கு ஓ வகை ரத்தம்கூட ஏற்ற முடியாது. நான் முகக்கவசத்துக்குள்ளேயே “ஆ” என்றேன்.

கார் து நோரில் ரயில் மாறி சார்செல் போய்ச் சேர்ந்தோம். பாரீசுக்கு வடக்கே இருக்கிற புறநகர். அடுக்குமாடிகளின் நடுவில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. அத்தானின் தாத்தா ‘சொல்தா’. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் வரை போனவர். புதுச்சேரியை இந்தியாவோடு சேர்க்கிற ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி 1962இல் நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம் அவர்களுடையது. மாடிப்படி ஏறும்போதே வந்தது பாருங்கள் ஒரு வாசனை! வடகம் தாளிக்கிற வாசனை. வெளியே மைனஸ் இரண்டு டிகிரி, கதவுக்கு உள்ளே கத்தரிக்காய்க் காரக்குழம்பு. இந்த வடகம்தான் ‘வதுவான்’ என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்களின் கைக்குப் போய், இங்கே கண்ணாடிப் புட்டியில் விற்கிறது என்று அக்கா காட்டினாள். புட்டியின் விலையைப் பார்த்து மாமியார் காலத்து வடகப் பானையை நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்து ரேடியேட்டரில் காலை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அக்காவின் கதை எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் முழுக் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அக்காவுக்கு மாதவிலக்கு என்றால் சுருண்டு படுப்பாள். வாந்தி, இடுப்பு முறிகிற வலி, கழிவறைக்குப் போனால் கண்ணீர். ஆயா வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுப்பாள். “எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான், கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்” என்பார்கள். கல்யாணமும் ஆனது, கடலையும் தாண்டினாள், வலியும் கூடவே வந்தது. வெகுநாள் குழந்தை தங்கவில்லை. ஒரு முறை ஊருக்கு வந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘சிஏ 125’ அதிகம் என்று வந்ததும், புற்றுநோய் என்று வீடே அழுதது எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் இங்கே ஒரு பெண் மருத்துவர் வயிற்றில் சிறு துளை போட்டு லேப்ராஸ்கோபி கருவியால் உள்ளே பார்த்தார். மயக்கம் தெளிந்ததும் அக்காவின் கையில் ஒரு படத்தைக் கொடுத்தார். சினைப்பையில் ‘சாக்லேட் கட்டி’, குடலுக்கும் கருப்பைக்கும் நடுவில் ஒட்டல்கள், வயிற்றறையின் உறை மேல் கருநீலப் புள்ளிகள்.

“அந்தப் படத்தைப் பார்த்து நான் அழலடி. சந்தோஷப்பட்டேன். நான் பொய் சொல்லலன்னு அதுல இருந்துச்சு” என்றாள் அக்கா.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, இருக்கக்கூடாத இடத்தில் வேர்பிடித்து வளர்வது. மாதாமாதம் ஹார்மோனுக்கு அதுவும் வீங்கும், கசியும், ஆனால் வெளியேற வழி கிடையாது. இனப்பெருக்க வயதில் இருக்கிற பெண்களில் பத்துக்கு ஒருவர், உலகம் முழுக்க ஏறத்தாழ 19 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரான்சிலேயே நோயைக் கண்டுபிடிக்க சராசரியாக 7 ஆண்டு ஆகிறதாம். இந்த மினுக்கும் நாட்டிலும் அப்படியா என்று நான் வாயடைத்துப் போனேன். 2022 ஜனவரியில் குடியரசுத் தலைவர் மக்ரோனே ஒரு காணொளியில் வந்து, இது பெண்கள் பிரச்சினை இல்லை, சமூகத்தின் பிரச்சினை என்று அறிவித்து, இதற்கென்று ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கினார். அத்தான் அதைச் சமையலறையில் நின்றபடி பார்த்தாராம். ஒரு நாட்டின் தலைவர் மாதவிலக்கு வலியைப் பற்றி நாட்டு மக்களிடம் பேசுவதை நம் ஊர் டீக்கடையில் டி.வி. ஓடும்போது கற்பனை செய்து பார்த்தேன். என்னால் முடியவில்லை, ஆனால் ஆசையாக இருந்தது.

மறுநாள் காலை கிளம்பும்போதும் இருட்டு. தெருவிளக்கில் நடந்து அக்கா மகளின் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். வாசலில் கையெழுத்து, வெள்ளைக் கோட்டு, கையுறை. உள்ளே ஆல்கஹாலும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை. ஃப்ரிட்ஜ்கள் ஒரே சுருதியில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தன. “சித்தி, உனக்குப் பிடிச்சது ஒண்ணு காட்டறேன்” என்று ஒரு ஃப்ரிட்ஜைத் திறந்து, விரல் நகம் அளவுப் புட்டிகள் அடுக்கிய பெட்டியை வெளியே எடுத்தாள்.

லேபிள்களைப் படித்தேன். அராக்கிஸ் ஹைப்போஜியா. ரிசினஸ் கம்யூனிஸ். கனவாலியா என்சிஃபார்மிஸ். ஆர்ட்டோகார்ப்பஸ்.

அட கடவுளே! மல்லாக்கொட்டை, ஆமணக்கு, வாளவரை, பலா! பண்ருட்டிப் பலாவின் கொட்டையைச் சுட்டுத் தின்று வளர்ந்த எனக்கு, பாரீஸ் ஃப்ரிட்ஜில் நாலு டிகிரிக் குளிரில் பலாக்கொட்டைச் சத்து! அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டேன். புட்டி கீழே விழுந்துவிடும் என்று அவள் பயந்தாள்.

இவற்றுக்கு லெக்டின் என்று பெயர். விதைகளில் நிறைய இருக்கிற ஒருவகைப் புரதம். ஒவ்வொரு லெக்டினும் ஒரு குறிப்பிட்ட சர்க்கரை அமைப்பை மட்டும் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆமணக்குக் கொட்டையின் சாறு சிவப்பணுக்களைக் கட்டி கட்டியாக ஒட்டவைக்கிறது என்று 1888இல் இன்றைய எஸ்தோனியாவின் தார்ப்பாத் பல்கலைக்கழகத்தில் ஸ்டில்மார்க் என்கிற மாணவர் எழுதிய ஆய்வேட்டில் தொடங்கியது இந்தத் துறை. பலாக்கொட்டையிலிருந்து எடுப்பது ஜக்காலின். அதுவும் மல்லாக்கொட்டை லெக்டினும் காலக்டோஸ் சேர்ந்த ஒரு ஜோடிச் சர்க்கரையைப் பிடிக்கும். வேலியோரத்தில் கருநீலக் காய் காய்க்கிற எல்டர்பெரி என்ற ஐரோப்பியச் செடியின் பட்டையில் இருக்கிற லெக்டின் பிடிப்பது, ரயிலில் கேட்ட அதே ஆல்ஃபா 2,6 சியாலிக் அமிலத்தை. லெக்டினோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்துத் திசுவின் மேல் விட்டால், அந்தச் சர்க்கரை எங்கே இருக்கிறதோ அங்கே வெளிச்சம் வரும். தாவரவியல் பாடத்தில் இந்த ஒரு வரி இருந்தால் என் பிள்ளைகள் பலாக்கொட்டையை வேறு கண்ணால் பார்ப்பார்களே!

விளக்கை அணைத்து, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, நுண்ணோக்கி முன்னால் என்னை உட்காரவைத்தாள். யாரோ ஒரு பெண்ணின் கருப்பை உட்படலம். பெயர் இல்லை, எண் மட்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் திருகைத் திருப்பினாள். நீலப் பொட்டுகள் தெளிந்தன, அவை அணுக்களின் கரு. அடுத்த வடிகட்டியை மாற்றியதும், வட்ட வட்டமான சுரப்பிகளின் உள்விளிம்பில் பச்சைக் கோடு ஒன்று ஓடியது. மெல்லிய, விட்டு விட்டு மின்னுகிற, அடர்ந்த பச்சை. அது எல்டர்பெரி பிடித்த சர்க்கரை. நான் மூச்சு விட்டதில் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

பிறகு இன்னொரு கண்ணாடித் தகடு. இது அக்காவின் நோயைப் போல, கருப்பைக்கு வெளியே வளர்ந்த திசு. அதே சாயம், அதே விளக்கு. பச்சை இருந்தது, ஆனால் அங்கங்கே தேய்ந்து, சில இடங்களில் அறவே இல்லாமல். “ஒரு படத்தை வச்சு முடிவு கட்டக்கூடாது சித்தி” என்று உடனே சொன்னாள். “ஆனா நிறையப் பேரோட திசுவை வச்சுப் பார்த்தவங்க இருக்காங்க. மதியம் அந்த இடத்துக்கே கூட்டிட்டுப் போறேன்.”

எர்.ஓ.எர் ‘பே’ ரயிலில் போர் ரோயால் நிலையத்தில் இறங்கினோம். அக்காவும் வந்து சேர்ந்துகொண்டாள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொஷன் மருத்துவமனை. ழான் தெனி கொஷன் என்கிற பங்குச் சாமியார் தன் பங்கின் ஏழைகளுக்காக 1780இல் தொடங்கியது. அதன் வளாகத்துக்குள்ளேயே பழைய போர் ரோயால் மடத்தின் தாழ்வாரம் இன்னும் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடம், புரட்சியின்போது சிறைச்சாலை, பிறகு பிரசவ மருத்துவமனை! செபித்த இடத்திலேயே அடைத்து வைத்திருக்கிறார்கள், அடைத்த இடத்திலேயே பிள்ளை பெற்றிருக்கிறார்கள். கல்தூண்களுக்கு நடுவில் கோட்டுப் போட்ட நர்சுகள் சூடான காகிதக் கோப்பைகளோடு நடந்து போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஜிப்மரும் 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய ‘எக்கோல் த மெதிசின்’ என்ற மருத்துவப் பள்ளியின் வழி வந்ததுதான் என்று அக்கா மகளிடம் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. இந்த ஊரில் நான் ஒரு செய்தி சொல்லி அவள் வியந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

தாழ்வாரத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்து (கல்லா, பனிக்கட்டியா!) அவள் மீதியைச் சொன்னாள்.

1927இல் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு விளக்கம் கொடுத்தார். மாதவிலக்கு ரத்தம் வெளியே வருவதோடு, கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றறைக்குள்ளும் போகிறது. அதிலிருக்கிற உட்படல அணுக்கள் அங்கே ஒட்டி வளர்வதுதான் இந்த நோய் என்றார். நல்ல விளக்கம்தான். ஆனால் 1984இல் பார்த்தபோது, கருக்குழாய் திறந்திருக்கிற பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படி ரத்தம் பின்னோக்கிப் போகிறது என்று தெரிந்தது. ஒன்பது பேருக்குப் போகிறது, நோய் வருவதோ ஒருவருக்கு. மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை?

சின்ன வயதில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த புறம்போக்கில் நடந்துவிட்டு வந்தால் பாவாடை ஓரம் முழுக்க நாயுருவி ஒட்டியிருக்கும். அந்தச் செடியின் பூவில் ஒட்டாது, இலையில் ஒட்டாது, முற்றிய விதையின் மேல் இருக்கிற கூர்மைதான் ஒட்டும். வயிற்றறைக்குள் போகிற அணுவுக்கும் மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே அது உறையில் பற்றிக்கொள்ள வேண்டும், நகர்ந்து உள்ளே நுழைய வேண்டும், காவலுக்கு வருகிற நோயெதிர்ப்பு அணுக்களிடம் தப்ப வேண்டும், ரத்தக் குழாயை வரவழைத்துச் சாப்பாடு தேடிக்கொள்ள வேண்டும். இந்த நாலு காரியத்திலும் மேல்போர்வைச் சர்க்கரைக்குப் பங்கு இருக்கிறது.

இந்தக் கொஷன் மருத்துவமனைக் குழு 2019இல் ‘ஹ்யூமன் ரீப்ரொடக்‌ஷன்’ என்ற ஆய்விதழில் எழுதியது இதுதான். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களின் வயிற்றறை நீரிலும், நோய்த்திசுவிலிருந்து எடுத்த அணுக்களிலும் ஆல்ஃபா 2,6 சியாலிக் அமிலம் குறைந்திருந்தது. அது குறைவதற்கும் அணுக்கள் கூடுதலாக இடம்பெயர்வதற்கும் தொடர்பு தெரிந்தது. காலையில் தேய்ந்து போயிருந்த அந்தப் பச்சைக் கோட்டுக்குப் பொருள் எனக்கு அந்தக் கல் பெஞ்சில்தான் விளங்கியது. அந்தக் கடைசிக் கண்ணி விழுந்துவிட்டால் அதற்கு அடியில் மறைந்திருந்த காலக்டோஸ் வெளியே தெரியும். அதைப் பிடிப்பதற்கென்றே நம் உடம்பில் கலெக்டின் என்ற புரதங்கள் இருக்கின்றன. ஆமாம், பலாக்கொட்டையில் இருக்கிற வகையிலான பிடிப்பான் நமக்குள்ளும் உண்டு! ஆல்ஃபா 2,6 சியாலிக் அமிலம் மேலே இருக்கிறவரை கலெக்டின்-1 எளிதில் பிடிக்க முடியாது. இந்தக் கலெக்டின்-1 நோயெதிர்ப்பு அணுக்களை அடக்கும், புதிய ரத்தக் குழாய்களைத் தூண்டும். அர்ஜென்டினாவின் புவனஸ் ஐரஸில் ஒரு குழு 2014இல், எலிகளில் கலெக்டின்-1ஐ எதிர்ப்புரதத்தால் தடுத்துப் பார்த்தது. நோய்த்திட்டுகளின் ரத்தக் குழாய்கள் குறைந்தன, திட்டுகளும் சிறுத்தன. பாரீசில் பார்த்ததையும் புவனஸ் ஐரஸில் பார்த்ததையும் அருகருகே வைத்து யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அக்கா இடையில் புகுந்தாள். “அப்ப அன்னைக்கு ஊரையே அழவச்ச சிஏ 125?”

“அதுவும் இந்தக் குடும்பம்தாம்மா. உடம்பெல்லாம் சர்க்கரை சுமக்கிற ஒரு பெரிய சளிப்புரதம் அது. புற்றுநோயில மட்டுமில்ல, எண்டோமெட்ரியோசிஸ்லயும் ஏறும், மாதவிலக்கு நேரத்துலகூட ஏறும். அதை மட்டும் வச்சு இந்த நோய் இருக்கு, இல்லன்னு சொல்லக்கூடாது.” ‘சிஏ 19-9’ என்று இன்னொரு பரிசோதனை உண்டே, அது அளப்பதே சியாலிக் அமிலம் சேர்ந்த ஒரு சர்க்கரை அமைப்பைத்தானாம்.

அக்கா தன் கைப்பையைத் திறந்து, கூடவே வாங்கி வந்த சர்க்கரை தூவிய பன்னைப் பார்த்தாள். “இதைத் தின்னா அது கூடுமா?” அக்கா மகள் சிரித்துக்கொண்டே அதை இரண்டாகப் பிய்த்தாள். சாப்பிடுகிற சர்க்கரை வேறு, அணு தன் தேவைக்குத் தானே செய்து, எந்த இடத்தில் எதைக் கோப்பது என்று நொதிகளை வைத்துக் கோக்கிற இந்தச் சர்க்கரை வேறு. காப்பியில் ஒரு கரண்டி குறைத்தால் இது மாறாது. இப்படிக் கேட்டவர்களுக்குக் குற்றவுணர்வு வராமல் பதில் சொல்வதையும் தன் வேலையில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள் இந்தப் பெண். எனக்கு அது அந்தப் பச்சைக் கோட்டுக்குக் குறைவில்லாத அழகாகப் பட்டது.

இந்தச் சியாலிக் அமில ஆய்விலிருந்து இன்னும் மருந்து வரவில்லை, நோயாளிக்கு எடுக்கிற பரிசோதனையும் வரவில்லை. அதையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். இன்றைக்கு இருப்பது வலி மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை, தேவையானவர்களுக்கு அறுவை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. உறுதி செய்ய வயிற்றைத் துளைத்தே ஆகவேண்டும் என்பதை ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி 2022இல் கைவிட்டது. அனுபவமுள்ளவர் செய்கிற ஸ்கேனும் எம்.ஆர்.ஐயும் நோயாளி சொல்கிற வார்த்தையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம். நம் நாட்டிலும் மும்பையில் ஐ.சி.எம்.ஆரின் இனப்பெருக்க நல ஆய்வு நிறுவனம் இந்தியப் பெண்களிடம் இந்த நோய் எப்படி இருக்கிறது என்று மரபணு வரை ஆராய்ந்து வருகிறது.

உடம்பு விறைத்துவிட்டது. எழுந்து நடந்து, 6ஆம் எண் மெட்ரோ பிடித்தோம். கொஞ்ச தூரத்தில் ரயில் பூமிக்கு மேலே ஏறி வீடுகளின் மாடி மட்டத்தில் ஓடுகிறது. ஒரு வளைவில் ஐஃபில் கோபுரம் முழுசாக வந்து நின்றது. பெட்டியில் எனக்கு மட்டும்தான் கை தட்டத் தோன்றியது. துய்ப்ளே நிலையத்தில் இறங்கினோம். ஆமாம், நம் கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே, அதே துய்ப்ளே! பக்கத்தில் ‘ரூ த போந்திஷெரி’ என்று ஒரு சின்னத் தெரு. அந்த நீலப் பலகைக்குக் கீழே அக்காவும் நானும் ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டோம். தெருவில் புதுச்சேரியின் சாயல் ஒன்றுகூட இல்லை. பூகம்விலியா இல்லை, மஞ்சள் சுவர் இல்லை, சிவப்புத் தொப்பிப் போலீஸ் இல்லை. அந்தச் சிவப்பு ‘கெப்பி’யைப் பாரீசில் எந்தப் போலீஸ்காரர் தலையிலும் பார்க்காதது எனக்குப் பெரிய ஆச்சரியம். அதை இன்னும் போட்டுக்கொண்டிருப்பது நாம்தான்!

பொழுது சாய்ந்ததும் லா ஷப்பேல். கார் து நோருக்குப் பின்னால் ஒரு முழு யாழ்ப்பாணம். கொத்துரொட்டி தட்டுகிற சத்தத்தைக் கேட்டதும்தான் என் காதுக்கு உயிர் வந்தது. மல்லிகைச் சரம், மரவள்ளிக் கிழங்கு, பாத்திரக்கடை, நகைக்கடை. மாணிக்க விநாயகர் கோயிலில் கற்பூரம் ஒத்திக்கொண்டு வந்து ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தோம். எலும்பு வரைக்கும் போன குளிரை அந்த இஞ்சித் தேநீர் ஒவ்வொரு மிடறாகத் துரத்தியது.

என் மகள் பத்தாம் வகுப்பு. மாதத்தில் இரண்டு நாள், சில மாதம் மூன்று நாள், பள்ளிக்கு லீவு. பொதுத்தேர்வு வருகிறதே என்று வகுப்பு டீச்சர் கவலைப்படுகிறார். அதை அக்காவிடம் இதுவரை விளக்கமாகச் சொன்னதில்லை. அங்கே சொன்னேன். சொல்லச் சொல்ல அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

“எல்லா வலியும் எண்டோமெட்ரியோசிஸ் இல்ல சித்தி, பயப்படாதே” என்றாள் அக்கா மகள். “ஆனா ஸ்கூலுக்குப் போக முடியாத வலி சாதாரண வலி இல்ல. மாத்திரைக்கு அடங்குதா, எத்தனை நாள் இருக்கு, வெளிக்குப் போகும்போது, யூரின் போகும்போது வலிக்குதா, மத்த நாள்லயும் வலிக்குதா, அம்மா வழியில யாருக்காவது இருக்கா... இதை எல்லாம் எழுதி எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போகணும். கடைசிக் கேள்விக்குப் பதில் இங்கேயே உட்கார்ந்திருக்கு. கூடப்பிறந்தவங்களுக்கு, பெற்றவங்களுக்கு இருந்தா வாய்ப்பு அதிகம்.”

அங்கே மணி ஆறு, ஊரில் பத்தரை. என் செல்லில் சிக்னல் இல்லை. அக்காவின் போனை வாங்கி வீட்டுக்கு அடித்தேன். “என்ன, ஐஃபில் டவர் பார்த்தியா?” என்றார் என் கணவர். பார்த்தேன் என்றேன். திங்கட்கிழமை காலையில் சீக்கிரம் ஜிப்மர் போய் மகளிர் நோய்ப் பிரிவில் சீட்டுப் போடுங்கள், என் தங்கச்சியைத் துணைக்குக் கூப்பிடுங்கள் என்றேன். “பத்தாவது பாப்பாவுக்கு லேடி டாக்டரா, அக்கம்பக்கத்துல...” என்று இழுத்தார். கொஷன் மருத்துவமனையையும் சாம்ப்சனையும் மக்ரோனையும் அவரிடம் அடுக்கவில்லை. நடந்தே போகலாம், பக்கத்தில்தானே இருக்கிறது, அக்காவுக்கு இப்படிப் பக்கத்தில் போக ஆளில்லாமல்தான் பத்து வருஷத்துக்கு மேல் போனது என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஆதார் கார்டு வேணுமா?” என்று கேட்டார்.

மகளைக் கூப்பிடச் சொன்னேன். படித்துக்கொண்டிருந்தவள் வந்தாள். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன், அக்கா மகள் காகிதத் துண்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். இரண்டாவது கேள்வியிலேயே, “ஏம்மா, இதெல்லாம் யாருமே கேட்டதில்லையே” என்று தொடங்கியவள்தான். அக்காவின் போனில் சார்ஜ் தீரும்வரை நிறுத்தவில்லை.